பிச்சிக்கு மொதச் சேலை

ஜலதுர்கா கோயில் ஸ்டாப்பா? அப்படி ஒரு ஸ்டாப்பு இந்தப் பஸ்ஸுக்குக் கிடையாது தம்பி. அப்படி ஒரு கோயிலும் கிடையாது. போன்ல பாத்தீங்களா? போன்ல இருக்கும். எங்க கொழுந்தன் தனுஷ்கோடி ஆள் வச்சு எடுத்துப் போட்டிருப்பான். நீங்க பொன்னாத்துக்குளம்னு சொல்லிச் சீட்டு எடுங்க. இறங்கிக் குளத்துக்கரை மேலயே நடந்தா மதகுகிட்ட ஒரு கோயில் வரும். அது மதகடிப் பிச்சி கோயில். நீங்க தேடி வந்தது அவளைத்தான். பேரை மட்டும் எவனோ மாத்திக் குடுத்துட்டான்.

நானும் அங்கதான் போறேன். இங்கன உக்காருங்க. அந்தப் பையை மட்டும் குடுங்க, மடியில வச்சுக்கிடுதேன். கீழ வைக்கக் கூடாது, உள்ள அவளுக்குச் சேலை இருக்கு. நாளைக்குக் கொடை. கொடைன்னா எங்க பக்கத்துல அம்மன் கோயில் திருவிழா. அதுல அவளுக்கு மொதச் சேலை எங்க வீட்டுச் சேலை. துபாய்ல இருந்து பட்டு கொண்டுவந்தவனா இருந்தாலும் சரி, கார்ல வந்து இறங்கினவனா இருந்தாலும் சரி, எங்க சேலையை அவ உடுத்தின பொறவுதான் மத்தவன் சேலை. அது எங்க உரிமை. ஏன்னு கேளுங்க.

நாங்கதான் அவளைக் கொன்னோம்.

ஏன் தம்பி ஜன்னல் பக்கம் ஒடுங்குதீங்க? நான் கொல்லல. எங்க வீட்டுக்காரகளுக்குத் தாத்தாவோட தாத்தா. வெள்ளைக்காரன் காலத்துச் சங்கதி. அப்பக் குளத்துத் தண்ணி எங்க வீட்டுக் கையில. மதகைத் திறக்கதும் அடைக்கதும் எங்க வீட்டு ஆம்பளை சொன்னாத்தான். இப்ப அரசாங்கத்துல இரும்பு ஷட்டர் போட்டிருக்காக. சாவி என்னமோ எங்க வீட்டு ஆணியிலதான் தொங்குது, அது வேற கதை.

பிச்சிங்கிறவ கீழத்தெருக்காரி. புருசன் இல்லாதவ. கடைமடையில துண்டு வயல் வச்சிருந்தா. அந்த வருசம் மழை பொய்ச்சிட்டு. கதிர் வாங்குற நேரத்துல வயலு கருகுது. எங்க வாசலுக்கு வந்து தண்ணி கேட்டிருக்கா. ஒரு தடவை இல்ல, பல தடவை. உன் முறை வரட்டும்னு சொல்லி அனுப்பியிருக்காக. கடைமடைக்கு முறை எப்ப வரும், குளம் வத்தின பொறவு வரும். ஒருநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டுக்குப் போன நேரம் பாத்து, அவளே போயி மதகுப் பலகையைத் தூக்கிட்டா. ஒத்தைப் பொம்பளை தூக்கிட்டாள்னா எப்பேர்ப்பட்ட கையா இருந்திருக்கும், பாத்துக்கிடுங்க. எங்க பெரியவரு பாத்துட்டாரு. மம்பட்டியால ஒரு போடு. மதகு வாயிலயே விழுந்துட்டா. அவ மேலயே பலகையை இறக்கிட்டாரு.

பொறவு பலகையைத் தூக்கினப்ப பொணம் வாய்க்கால்ல போயி ஒதுங்கிக் கிடந்திருக்கு. உடம்புல சேலை இல்ல. தண்ணி உருவிட்டுப் போயிட்டு. அதனாலதான் சேலை.

அதுக்குப் பொறவு அவரு தண்ணி குடிக்கச் செம்பைத் தூக்கினா, 'எனக்கு'ன்னு ஒரு குரல் கேக்குமாம். செம்பைக் கீழ வச்சிருவாரு. வீட்டுல பொறந்த பிள்ளை ஒண்ணும் தங்கல. அடுத்த மழைக்குக் கரை அதே மதகுகிட்ட உடைஞ்சு எங்க வயலையெல்லாம் மண் மூடிட்டு. போயிக் குறி கேட்டா, 'பிச்சி நிக்கா'ன்னு வந்துச்சு. அவரே ஒரு கல்லைத் தோள்ல தூக்கிட்டுப் போயி மதகுகிட்ட நட்டு, அதுக்குச் சேலையைச் சுத்தி, ஊர் கேக்கச் சொன்னாராம், 'பிச்சி, நான்தான் உன்னைக் கொன்னேன், உடுத்திக்கோ தாயி'ன்னு. அன்னைக்குத்தான் தொண்டையில தண்ணி இறங்குச்சு. அதுக்குப் பொறவுதான் பிள்ளையும் தங்குச்சு.

சாமி அப்படித்தான் தம்பி வரும். ஆகாயத்துல இருந்து குதிக்காது. செத்தவ வேணும், கொன்னவன் வேணும், கொன்னவனுக்குப் பயம் வேணும். பயந்தவன் கும்பிடுவான். அவன் கும்பிடுததைப் பாத்து அடுத்தவன் கும்பிடுவான். கும்பிடக் கும்பிட அவ வளருவா. எங்க பிச்சி மொதல்ல வெறுங்கல்லு. பொறவு களிமண்ணுல ஒரு உருவம் வச்சாக. எங்க மாமனார் காலத்துல சிமெண்டுல செஞ்சாக, ரெண்டு கை, ஒரு கையில மம்பட்டி. ஆமா, அவளை அடிச்ச அதே மம்பட்டிதான், இப்ப அவ கையில. ஓலைக்கூரை ஓடாச்சு, ஓடு கான்கிரீட்டாச்சு. பிள்ளையில்லாதவ வந்து தொட்டில் கட்டுதா, கோர்ட்டுக் கேசு உள்ளவன் வந்து சத்தியம் வாங்குதான். இவ்வளவும் யாரால? எங்க வீட்டாளு அன்னைக்கு அந்த ஒரு போடு போடலேன்னா இந்த ஊருக்குச் சாமி ஏது, சொல்லுங்க.

இதைத்தான் எங்க கொழுந்தன் அழிக்கப் பாத்தான்.

அவனுக்கு மெட்ராஸ்ல டைல்ஸ் கடை. நல்ல வசதி. பிள்ளைக்குக் கோயம்புத்தூர்ல பொண்ணு எடுத்தான். சம்பந்தகாரக ஒரு கொடைக்கு வந்தாக. வில்லுப்பாட்டுல பிச்சி கதையைப் பாடுதாங்க. கொன்னவன் வீடு, கொன்னவன் வீடுன்னு வரி வரியா வருது. சம்பந்தி அம்மா திரும்பிக் கேட்டுட்டாளாம், 'அந்த வீடு உங்க வீடுதானா?'ன்னு. அன்னைக்குப் புடிச்சது இவனுக்கு. மறு வருசம் கோயில் கமிட்டிக்குத் தலைவரு. வில்லுப்பாட்டை நிப்பாட்டிட்டான், அதுக்குப் பதிலா கேசட்டு மாதிரி என்னமோ ஒண்ணு ஓடுது. வாசல்ல பளபளன்னு ஒரு கல்லு பதிச்சு அதுல எழுதி வச்சான். குளத்து நடுவுல தாமரை பூத்துச்சாம், அதுல ஜோதி தெரிஞ்சுச்சாம், ஜோதிக்குள்ள அம்பாள் சிரிச்சாளாம். ஸ்ரீ ஜலதுர்கா பரமேஸ்வரி. எங்க குளத்துல ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும், மாடுகூடத் திங்காது. அதைத் தவிர வேற தாமரையை நான் கண்டது கிடையாது.

புதுச் சிலையும் இறக்கினான். நாலு கை. சங்கு, சக்கரம், தாமரை, ஒரு கை சும்மா ஆசீர்வாதம். மம்பட்டியைக் காணோம். பழைய சிலையை எங்கடான்னு கேட்டா, பத்திரமா இருக்குங்கான். பெரியவரு நட்ட கல்லை மட்டும் அவனால புடுங்க முடியல, அது பீடத்துக்கு அடியில கொஞ்சம் வெளிய தெரியும். போனா அதைப் பாருங்க, மேல பாக்காதீங்க.

கமிட்டிக் கூட்டத்துல நான் எந்திரிச்சேன். 'ஏ கொழுந்தனாரே, நாலு கை இருந்திருந்தா அன்னைக்கு அவ அடி வாங்கிட்டு விழுந்திருப்பாளா?'ன்னு கேட்டேன். கூட்டத்துல பொம்பளை என்ன பேச்சுன்னு ஒருத்தன் முனங்கினான். 'உள்ள இருக்கதும் பொம்பளைதான, அவகிட்டப் போயிச் சொல்லு'ன்னேன். அப்படியே உக்காந்துட்டான்.

சிலையோட விட்டிருந்தாலும் நான் பேசாம இருந்திருப்பேன். பொறவு சேலையில கை வச்சான். இனிமே மொதச் சேலை உபயதாரருக்குன்னு சொல்லிட்டான். யாரு கூடுதலாச் செய்தாகளோ அவுகளுக்கு. அவன் கணக்கு எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஜலதுர்காவை யாரும் கொல்லல. கொலை இல்லேன்னா கொன்னவன் இல்ல. கொன்னவன் இல்லேன்னா எங்க சேலைக்கு அங்க என்ன வேலை? எங்க வீட்டுக்காரக, 'விட்டுரு'ன்னாக. அவுக எதுக்கும் அதைத்தான் சொல்லுவாக. வயல் வரப்பை அடுத்தவன் வெட்டினாலும் விட்டுரு, பஸ்ஸுல இடம் போனாலும் விட்டுரு. நான் விடல. தாலுகா ஆபீசுல மனுக் குடுத்தேன். ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விட்டாக.

தாசில்தார் ஒரு பொம்பளை. நல்ல மனுசி. 'எந்த அடிப்படையில அம்மா முதல் சேலை உங்களோடதுன்னு சொல்றீங்க?'ன்னு கேட்டாக. 'கொன்ன அடிப்படையில'ன்னேன். பக்கத்துல குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்த இன்ஸ்பெக்டரு தலையைத் தூக்கிட்டாரு. கொழுந்தன் பதறிட்டான். 'மதினிக்கு சுகர் கூடிப்போச்சு மேடம், கொலையெல்லாம் ஒண்ணும் கிடையாது, அம்பாள் தாமரையில...' 'கொன்னதுதான்'ங்கேன் நான். 'கொல்லவே இல்ல'ங்கான் அவன். ஒரே வீட்டாளுக. கொன்னோம்னு ஒருத்தி, கொல்லலேன்னு ஒருத்தன். வழக்கமா இது தலைகீழால்ல நடக்கும்னு அந்த இன்ஸ்பெக்டரு சிரிச்சிட்டாரு.

தாசில்தார் அம்மா சிரிக்கல. 'கொன்னவங்க வீட்டுல இருந்து ரெண்டு பேரும் வந்துட்டீங்க. செத்தவங்க வீட்டுல இருந்து யாரு வந்திருக்கா?'ன்னு கேட்டாக.

யாரும் வரல. யாரும் கூப்பிடல. உண்மையைச் சொல்லுதேன் தம்பி, எனக்கு அது தோணவே இல்ல. அவளுக்கு வீடு வாசல் இருக்கும், ஆளுக இருப்பாகன்னு நான் நெனைச்சதே கிடையாது. அவதான் சாமியாயிட்டாளே, சாமிக்கு ஏது சொந்தக்காரன். கீழத்தெருக்காரக கொடைக்கு வரத்தான் செய்வாக. கரைமேல நின்னு கும்பிட்டுட்டுப் போயிருவாக. உள்ள வர மாட்டாக. வராதேன்னு நாங்க ஒருநாளும் சொன்னது இல்ல, வாங்கன்னும் சொன்னது இல்ல. அது பாட்டுக்கு அப்படி ஒரு வழக்கம்.

அடுத்த கூட்டத்துக்கு வந்தவ பேரு சித்திரைக்கனி. பிச்சியோட அண்ணன் வழியில வந்தவளாம். டவுன் பெரியாஸ்பத்திரியில நர்சு. ட்யூட்டி முடிச்சு அந்த வெள்ளைச் சேலையோட வந்து உக்காந்தா. பாத்தா, எனக்கு எத்தனையோ தடவை சுகருக்கு ரத்தம் எடுத்தவ. வலிக்காம எடுப்பா. எங்க ஊர்க்காரின்னு எனக்குத் தெரியாது. அவளுக்கு என்னை ஆரம்பத்துல இருந்தே தெரிஞ்சிருக்கு.

'சேலை இவங்க வீட்டுல இருந்துதான் வரணும். வேற யாரு குடுத்தாலும் நாங்க சம்மதிக்க மாட்டோம்'னா. எனக்கு மேலெல்லாம் குளுந்துபோச்சு. பாத்தியான்னு கொழுந்தனை ஒரு பார்வை பாத்தேன். அவ முடிக்கல. 'ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்லிக் குடுக்கணும். அந்த நேரத்துல மேளம் அடிக்கக் கூடாது.'

உங்களுக்கு இது புரியாது. சேலையை நீட்டும்போது பெரியவரு சொன்ன அந்த வார்த்தையை எங்க வீட்டு ஆம்பளை சொல்லணும். சொல்லத்தான் செய்தாக, ஒரு வருசமும் தவறினது இல்ல. சரியா அந்த நேரம் பாத்துத் தவிலும் நாயனமும் உருமியும் சேந்து உச்சத்துல அடிப்பாக. உதடு அசையுறதுதான் தெரியும். பக்கத்துல நிக்க எனக்கே கேக்காது. தாலி கட்டும்போது கெட்டிமேளம் அடிக்காங்கள்ல, அது மாதிரி எங்களுக்குச் செய்யுற மரியாதைன்னு நான் நெனைச்சிருந்தேன். நெனைச்சிருந்தேன் என்ன, பெருமையாச் சொல்லிக்கிட்டும் இருந்தேன்.

அவ சொன்னா, 'அவங்க என்ன சொல்றாங்கன்னு ஒரு கொடையிலயாவது காதால கேக்கணும்னு எங்க அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கேக்காமலே போய்ச் சேந்துட்டாங்க. கரைமேல நின்னா கேக்காது மேடம். நாங்க உள்ள வந்து நிப்போம்.'

கொழுந்தன் துள்ளினான். அது எப்படி, ஆகமம் இருக்கு, அது இதுன்னான். நேத்து வரைக்கும் கிடா வெட்டின கோயிலுக்கு இன்னைக்கு ஆகமம். எனக்கும் உள்ள வந்து நிக்கதுன்னதும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா எனக்குச் சேலை வேணும். அவ இல்லாம எனக்குச் சேலை இல்ல. 'கேக்கணும்னா கிட்டத்துலதான நிக்கணும்'னு சொல்லிட்டேன். தாசில்தார் அம்மா அப்படியே பேசி முடிச்சாக.

இதெல்லாம் போன வருசம். கொடைக்கு முந்தின வாரம் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். பழம், பூ, இனிப்புன்னு கை நிறைய. 'மதினி, மொதச் சேலை உங்களுக்குத்தான். நம்ம வீடு உள்ள வரைக்கும் உங்களுக்குத்தான். கல்லுல அண்ணன் பேரைப் போட்டு முதல் உபயதாரர்னு வெட்டி வைக்கேன். அந்த வார்த்தையை மட்டும் விட்டுருங்க. ஏதாவது காரணம் சொல்லி மேளத்தை அடிக்கச் சொல்லிருதேன். நாளைக்கு நம்ம பேரப்பிள்ளைகளுக்குப் பொண்ணு எடுக்கணும், பொண்ணு குடுக்கணும். கொலைகார வீட்டுலன்னு ஒருத்தன் சொல்லிரக் கூடாது பாத்தீங்களா.' எங்க வீட்டுக்காரக என்னைப் பாத்தாக. விட்டுருன்னு கண்ணுலயே சொல்லுதாக.

நானும் யோசிச்சேன், யோசிக்காம இல்ல. சேலை உரிமையும் இருக்கும், கெட்ட பேரும் இல்ல, கல்லுல பேரு வேற. யாருக்குக் கசக்கும்? ஆனா பாருங்க, தாமரையில சிரிச்சுக்கிட்டு வந்தவளுக்கு நான் எதுக்குச் சேலை எடுக்கணும்? அதைத்தான் அவன்கிட்டக் கேட்டேன். 'அவளுக்கும் எனக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு? கொன்ன வீட்டைக் கேட்டு நிக்கவ பிச்சிதான். அவ இருக்க வரைக்கும்தான் கொழுந்தனாரே நாம. அவ போயிட்டா நீங்களும் நானும் நாலோட அஞ்சா கோயில் வரி குடுக்கிற ஆளுக.' பழத்தை எடுத்துட்டுப் போகச் சொன்னேன். இனிப்பையும்தான், எனக்கு சுகரு.

கொடை மத்தியானம். கீழத்தெருக்காரக உள்ள வந்து நின்னாக. பொம்பளைக, பிள்ளைக, வயசானவுக எல்லாரும். நல்ல துணி உடுத்திட்டு வந்திருந்தாக. சித்திரைக்கனி முன்னால நின்னா. கும்பிடல, சும்மா நின்னா. மேளக்காரங்க கையைக் கட்டிக்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரக தாம்பாளத்துல சேலையை ஏந்திக்கிட்டுப் பீடத்துக்கு முன்னால போனாக. எங்க கொடையில அப்படி ஒரு அமைதியை நான் கண்டது இல்ல. மதகுல தண்ணி கசியுற சத்தம் கேக்குது.

அவுகளுக்குச் சத்தம் வரல. உதடு அசையுது, அவ்வளவுதான். பழக்கம் அப்படி. வருசா வருசம் சத்தமில்லாமச் சொல்லிச் சொல்லியே பழகின வாய். கொழுந்தன் தவில்காரனுக்குக் கண்ணைக் காட்டுதான். அவனும் குச்சியைக் கையில எடுத்துட்டான். நான் போயித் தாம்பாளத்தைப் புடுங்கினேன். எங்க வீட்டுல பொம்பளை சேலை குடுத்தது கிடையாது. கிடையாதுன்னா இனிமே உண்டு.

'பிச்சி, நாங்கதான் உன்னைக் கொன்னோம்'னேன். நல்லாச் சத்தமா. தாலுகா ஆபீசுல சொன்ன வாய்தான, எனக்கென்ன கூச்சம்.

சித்திரைக்கனி கேட்டா, 'நாங்கன்னா யாரு?'

சத்தம் போட்டெல்லாம் கேக்கல. ரத்தம் எடுக்கும்போது சாப்பிட்டாச்சான்னு கேப்பா பாருங்க, அந்தக் குரல்தான். 'கட்டிக்கிட்டு வந்த நீங்களா கொன்னீங்க? செத்தவளுக்குப் பேரு இருக்கு. கொன்னவருக்கும் பேரு இருக்கும்ல. அதைச் சொல்லுங்க.'

தம்பி, இப்பத்துப் பிள்ளைக புருசனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுதாக. நாங்க அப்படி இல்ல. ரேஷன் கடையில கேட்டாலும் ஆஸ்பத்திரியில சீட்டு எழுதக் கேட்டாலும் நான் பக்கத்துல நிக்கவளைப் பாப்பேன், அவ சொல்லுவா. தாலி ஏறின நாள்ல இருந்து அந்தப் பேரை என் நாக்கு தொட்டது கிடையாது. எங்க வீட்டுல தாத்தா பேரு பேரனுக்கு, அந்தப் பேரன் பேரு அவன் பேரனுக்கு. கொன்ன பெரியவரு பேருதான் எங்க வீட்டுக்காரகளுக்கு வச்ச பேரு.

அவுக என் தோளை ஒட்டி நிக்காக. வேற யாராவது சொல்லட்டும்னு திரும்பிக் கொழுந்தனைப் பாத்தேன். அவன் தரையைப் பாத்துக்கிட்டான். எனக்குக் கோவமாக் கோவம் வந்துச்சு. யார் மேலன்னு தெரியல. அவன் மேலயா, இவ மேலயா, மேல நாலு கையோட சிரிச்சுக்கிட்டு நிக்கே அது மேலயா. அழுகையும் வந்துச்சு, அதை மறைக்க என்ன இருக்கு. நான் மேல பாக்கல. அடியில இருந்த கல்லைப் பாத்தேன்.

'ஐயம்பெருமாள் கொன்னான்'னேன். 'தண்ணி திறந்ததுக்கு, மம்பட்டியால அடிச்சு, ஐயம்பெருமாள் உன்னைக் கொன்னான் பிச்சி. உடுத்திக்கோ.' கொன்னாருன்னு சொல்லியிருக்கணும். வாயில அப்படி வரல.

அப்பப் பக்கத்துல இருந்து 'ஆமா'ன்னு ஒரு சத்தம். அவுகதான். குனிஞ்சு அந்தக் கல்லைப் பாத்து, 'ஆமா, ஐயம்பெருமாள்தான்'னாக. கரை வரைக்கும் கேட்டுச்சு. சித்திரைக்கனி வந்து கையை நீட்டினா. பூசாரி கையில குடுக்க வேண்டிய சேலையை அவ கையில குடுத்தேன். பிரிச்சு, ஒரு முனையை அவ புடிக்க, ஒரு முனையை நான் புடிக்க, கல்லுக்குத்தான் மொதல்ல சுத்தினோம்.

ஊருக்குள்ள கேட்டீங்கன்னா, புருசனைப் பேர் சொல்லிக் கொலைகாரன்னு சொன்னவ அந்த ஆவுடைத்தங்கம்னு என்னைப் பத்திச் சொல்லுவாக. சொல்லட்டும். அவுகளே ஆமான்னுட்டாக, பொறவு எவனுக்கு என்ன? காலையில நான் சேலை எடுக்கக் கிளம்பும்போது, 'இந்த வருசம் நீ பேசாம நில்லு, நான் சொல்லுதேன்'னாக. சொல்லட்டும்னு விட்டிருக்கேன். தொண்டை அடைச்சா பக்கத்துல நான் நிப்பேன்.